புழுதி ஓட்டமும் புல்வெளிக் குதிரையும்

மஞ்சக்காட்டு அருகம்புல் வெளியில் செவ்வந்தி என்றொரு பெண்குதிரை இருந்தாள். அவளுக்குத் தும்பை என்று ஒரு மகள். நெற்றியில் தும்பைப்பூ அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு, அதனால் அந்தப் பெயர்.

தும்பைக்கு அந்த மாசியில் மூன்று வயது நிறைந்தது. ஓட்டம் என்றால் அவளுக்கு உயிர். புல்வெளியில் நடந்த ஐந்து ஓட்டங்களிலும் அவள்தான் முதல். கூட ஓடிய குதிரைகள் அவளுடைய வாலைப் பார்த்ததோடு சரி.

"பெத்தா இப்படி ஒண்ணு பெறணும்!" என்று முயல்கள் பேசிக்கொள்ளும்.

செவ்வந்தி அதைக் கேட்டுத் தலையாட்டுவாள். ஆனால் அவள் கண் புல்வெளியில் நிற்காது. மரங்களுக்கு அப்பால், ஆனைவிழுங்கி ஏரி இருக்கும் திசைக்கே போகும்.

பங்குனி வந்தால் அந்த ஏரி வறண்டுவிடும். தண்ணீர் நின்ற இடத்தில் கணுக்கால் அளவுக்குப் புழுதி நிற்கும். பங்குனிப் பௌர்ணமியன்று அந்தத் தரையில்தான் பெரிய புழுதி ஓட்டம் நடக்கும். ஏழு காடுகளின் குதிரைகளும் வந்து கூடும். ஓடுவதற்கு மூன்று வயதுக் குதிரைக்கு மட்டும்தான் அனுமதி. இரண்டு வயது என்றால் "பிஞ்சு, போ!" நாலு வயது என்றால் "முத்தல், போ!" ஆக, ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை.

செவ்வந்திக்கும் ஒரு மூன்றாம் வயது இருந்தது. அந்த வருடம் எல்லாரும் அவள்தான் ஜெயிப்பாள் என்றார்கள். ஓட்டத்துக்கு முந்தின நாள் வானம் கறுத்தது. கோடை மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. விடிந்து பார்த்தால் ஏரி நிறைந்து கிடந்தது. தவளைகள் பாடின. மான்கள் துள்ளின. காடே மழையைக் கும்பிட்டது. கரையில் நின்று மழையைத் திட்டிய ஒரே பிராணி செவ்வந்திதான்.

"அடுத்த வருஷம் ஓடிக்கலாம்" என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். அடுத்த வருடம் அவளுக்கு நாலு வயது.

அதற்குப் பிறகு ஒன்பது பங்குனிகள் போய்விட்டன. ஒவ்வொரு பங்குனியிலும் ஏரி வறளும். அவள் மனதில் மட்டும் அந்தத் தண்ணீர் வற்றவே இல்லை. இப்போது மகளுக்கு மூன்று வயது. பிறகு கேட்பானேன்?

"தும்பையைப் புழுதி ஓட்டத்துக்கு அனுப்பலாமா, வேண்டாமா?" என்று செவ்வந்தி ஊரெல்லாம் கேட்டாள். கேட்டாளே தவிர, பதிலை அவள் ஏற்கெனவே வைத்திருந்தாள்.

காகம் சொன்னது: "இவ அப்பன் புல்லுல ஓடினவன். மண்ணைக் கண்டாலே முகம் சுளிப்பான். தாயாரே, வேணாம்."

"காகத்துக்குக் குதிரையைப் பத்தி என்ன தெரியும்!" என்று செவ்வந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆட்டுக்கிடா தும்பையின் குளம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "நல்ல சின்னக் குளம்பு. மண்ணுல பதியும், வழுக்காது. அனுப்புங்க!"

"கிடாவுக்கு இருக்கிற அறிவு இந்தக் காட்டுல யாருக்கு இருக்கு?" என்று செவ்வந்தி பூரித்துப்போனாள். அந்தக் கிடா நேற்றுத் தன் நிழலோடு முட்டி விழுந்ததைக் காடே பார்த்திருந்தது. அது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அப்படித்தான் அவள் இருந்தாள்.

ஒரு காலையில் தும்பையை ஏரித்தரைக்குக் கூட்டிப்போனாள். கூடவே சாம்பலன் என்ற கழுதையும் வந்தான். சாம்பலன் செவ்வந்தியின் பழைய சிநேகிதன். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவான். அதனாலேயே அவனுக்குச் சிநேகிதர்கள் குறைவு.

"ஓடு கண்ணு!" என்றாள் செவ்வந்தி.

தும்பை ஓடினாள். மதகிலிருந்து புறப்பட்டு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி மதகுக்கே வந்தாள். பனி ஈரத்தில் புழுதி படிந்து கிடந்தது. எதிரே வெட்டவெளி. அவள் கால் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை.

செவ்வந்தி சாம்பலன் பக்கம் திரும்பினாள். "பார்த்தியாடா? பார்த்தியா? இவளுக்குன்னே செஞ்சு போட்ட தரைடா இது!"

சாம்பலன் காதை ஆட்டினான். "தனியா ஓடினா, அக்கா."

"அதனால?"

"ஓட்டத்தன்னைக்கு முன்னாடி குதிரைங்க ஓடும். அதுங்க குளம்புல இருந்து மண்கட்டி பறந்து வந்து மூஞ்சியில அடிக்கும். கண்ணுல விழும், மூக்குல ஏறும். அதைத் தாங்குறவதான் புழுதி ஓட்டத்துக்கு ஆளு. வேகம் அதுக்கு அடுத்ததுதான். புல்லுல யாரும் இவ மேல மண்ணை வாரி அடிக்கலையே?"

"எப்பவும் முன்னாடி ஓடுறவளுக்கு அடுத்தவன் தூசி எதுக்குடா?"

"பதினாறு குதிரை ஓடும் அக்கா. பதினாறும் முன்னாடியே ஓட முடியுமா?"

பதில் இல்லாதவர்கள் செய்கிற காரியத்தை செவ்வந்தியும் செய்தாள். கோபப்பட்டாள்.

"சரி! நீயே முன்னாடி ஓடு. இவ பின்னாடி வரட்டும். பார்த்துடலாம்!" என்றவள், மகள் காதில் விழாமல் மெல்ல, "கொஞ்சம் ஓரமா ஓடுடா" என்றாள்.

சாம்பலன் ஓரமாக ஓடவில்லை. நேர் முன்னே, நாலு கால்களாலும் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு ஓடினான். முதல் மண்கட்டி தும்பையின் நெற்றியில் பட்டது. அடுத்தது கண்ணில். அவள் தலையைத் தூக்கினாள், கண்களை இறுக்கி மூடினாள், தும்மினாள். அவள் கால்கள் தயங்கின. கடைசியில் கழுதை மதகைத் தொட்டுவிட்டு நின்று கொட்டாவி விட்டபிறகுதான் அவள் வந்து சேர்ந்தாள்.

கழுதைக்குப் பின்னால் வந்து நின்ற குதிரையை அந்தக் காடு அன்றுதான் பார்த்தது.

"ராத்திரி சரியாத் தூங்கல இவ" என்றாள் செவ்வந்தி.

சாம்பலன் காதில் ஒட்டிய மண்ணை உதறினான்.

"காத்தும் எதிர்க்காத்து."

சாம்பலன் கரை மரத்தை அண்ணாந்து பார்த்தான். இலைகூட அசையவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"ஓடுவேம்மா. பழகிட்டா ஓடிடுவேன்" என்றாள் தும்பை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அந்த ஒரு வார்த்தை போதாதா? செவ்வந்தி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து பழக்கம் ஆரம்பமானது. மகளைப் பின்னால் நிறுத்திவிட்டுத் தாயே திரும்பி நின்று, பின்னங்கால்களால் மண்ணை வாரி அவள் முகத்தில் அடித்தாள்.

"கண்ணைத் திற! கண்ணைத் திறந்துக்கிட்டு நில்லு!"

"சரிம்மா."

"மூஞ்சியைத் திருப்பாத! இது ஒரு மண்ணா? எனக்கெல்லாம் இது கிடைக்கலையேன்னு ஏங்கிக் கிடக்கிறேன்!"

"சரிம்மா."

ஒருநாள், இரண்டுநாள், மூன்றுநாள். தும்பை அசையாமல் நின்றாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் தாயின் கால் அசைவதற்கு முன்பே அவள் கண்கள் மூடிக்கொண்டன. திரும்பி நின்ற தாய்க்கு அது தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த சாம்பலனுக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் அவன், "எனக்கு வேலை இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கழுதைக்கு அன்று ஒரு வேலையும் இல்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் வந்தது. மதகடியில் பரட்டை நரி களிமண்ணைக் குழைத்துப் பரப்பி வைத்திருந்தது. ஓடப்போகிற குதிரை தன் வலது முன்னங்காலை அதில் பதிக்க வேண்டும். சூரியன் உச்சிக்கு வரும்வரைதான் நேரம். அதற்குப் பிறகு காய்ந்த தடம் எதுவோ, அதுதான் ஓடும். பதித்தபின் பின்வாங்கக் கூடாது. இது அந்த ஏரியின் வழக்கம். பதிகிற ஒவ்வொரு தடத்துக்கும் ஓட்டத்தை நடத்தும் சிங்கம் நரிக்கு ஓர் எலும்பு கொடுக்கும். அதனால் நரி நொண்டிக் குதிரையைக் கண்டால்கூட "வாங்க, காத்து மாதிரி வர்றீங்களே!" என்று கூப்பிடும்.

"வாங்க தாயே, வாங்க!" என்று நரி எழுந்து நின்றது. "தும்பை இல்லாத ஓட்டம் ஒரு ஓட்டமா? பதினஞ்சு தடம் விழுந்தாச்சு. பதினாறாவது இடத்தை உங்களுக்காகத்தான் வெச்சிருக்கேன்!"

செவ்வந்தி களிமண்ணைப் பார்த்தாள். பதினைந்து தடங்கள் வரிசையாக இருந்தன. ஈர மண்ணின் வாசனை மூக்கில் ஏறியது. எத்தனை நாள் கனவில் இந்த இடத்துக்கு வந்திருக்கிறாள்!

கூட்டம் கூடியிருந்தது. மரத்தில் குரங்குகள், கரையில் மான்கள், வந்த குதிரைகளின் சுற்றத்தார்.

தும்பை முன்னே வந்தாள். குழப்பத்தில் இடது காலைத் தூக்கினாள்.

"அது இல்லடி! வலது கால்!" என்று செவ்வந்தி பதறினாள். "மெதுவா வைக்காத, அழுத்தமா வை! இங்க பாரு, இப்படி..."

சொல்லிக்கொண்டே தன் வலது காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அந்தரத்தில் நிற்கவில்லை. நேராகக் களிமண்ணில், பதினாறாவது இடத்தில் போய் இறங்கியது.

மண் குளிர்ச்சியாக இருந்தது. செவ்வந்தி உடனே காலை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

முதலில் ஒரு குரங்குதான் சிரித்தது. பிறகு கரையே சிரித்தது.

"தாயே! நாளைக்கு ஓடப்போறது நீங்களா, உங்க பொண்ணா?" என்று நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

செவ்வந்தி காலை எடுத்தாள். கீழே பார்த்தாள். மற்ற தடங்களெல்லாம் சின்னச் சின்னதாக இருந்தன. அவளுடையது அகலமாக, ஓரம் தேய்ந்து, எல்லாவற்றையும்விட ஆழமாக இருந்தது. யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அவள் கால் தானாகப் போனது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பரவாயில்ல, பரவாயில்ல! இப்பவே அழிச்சுடுறேன்" என்று நரி அவசர அவசரமாகத் தன் வாலால் மண்ணைத் தடவிச் சமமாக்கியது. "நீ வா குட்டி! சூரியன் உச்சிக்கு வந்துருச்சு. ஒரே அழுத்து!"

தும்பை இந்தத் தடவை சரியான காலைத் தூக்கினாள். தூக்கும்போது கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

இப்போது செவ்வந்தி திரும்பி நிற்கவில்லை. நேருக்கு நேர் நின்றாள். பார்த்துவிட்டாள்.

"இரு" என்றாள்.

தும்பையின் கால் அந்தரத்தில் நின்றது.

"உனக்கு இந்த ஓட்டம் பிடிச்சிருக்கா?"

"நீ ஓடச் சொன்னா ஓடுவேம்மா."

"நான் சொல்றது கிடக்கட்டும். உனக்கு?"

தும்பை கண்ணைத் திறந்தாள். "ஓடுறது பிடிக்கும். ஆனா மண்ணு விழுந்தா ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. எந்தப் பக்கம் ஓடுறேன்னு பயமா இருக்கு. நீ எப்படியும் கரையில நிப்பேன்னு தெரியும். உன் குரல் கேக்குற பக்கமா ஓடிடலாம்னு நினைச்சேன்."

"இதை ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"உனக்கு ரொம்ப ஆசையா இருந்துச்சே."

நரி இடையில் புகுந்தது. "தாயே, நல்லா யோசிங்க! இன்னைக்கு விட்டா இவளுக்கு இந்தப் பிறவியில கிடையாது! அந்த வலி என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

நரி எலும்புக்காகச் சொன்னதுதான். ஆனாலும் அந்த வார்த்தை செவ்வந்தியை எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. தெரியாதா? அவளைவிட அதைத் தெரிந்தவர் யார்? ஒரு கணம் அவள் நாக்கு நுனிவரை "வை, காலை வை" என்ற வார்த்தை வந்துவிட்டது.

அதை விழுங்கினாள்.

"காலை எடுத்துக்கோ கண்ணு. வா, போகலாம்."

"நிஜமாவாம்மா?" என்று தும்பை கேட்டாள். கேட்ட குரலில் எவ்வளவு நிம்மதி! காலை இறக்கிய வேகத்தில் அவள் கரையேறி, மரங்களைத் தாண்டி, புல்வெளிக்கே பறந்துவிட்டாள். ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வந்திக்கு அந்த நிம்மதிதான் வலித்தது. "இல்லம்மா, ஓடுறேன்" என்று மகள் ஒரே ஒரு தடவை அடம்பிடித்திருக்கக் கூடாதா என்று அவள் மனம் வெட்கமில்லாமல் ஏங்கியது. மனம் அப்படித்தான். சரியானதைச் செய்த கையோடு அது சும்மா இருந்துவிடாது.

சூரியன் உச்சியைத் தாண்டியது. பதினாறாவது இடம் வெறும் மண்ணாகக் காய்ந்தது.

மறுநாள் பௌர்ணமி. போகக் கூடாது என்றுதான் செவ்வந்தி நினைத்தாள். கால்கள் கேட்கவில்லை. ஏரிக்கரையில் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றாள். சிறிது நேரத்தில் சாம்பலனும் வந்து பக்கத்தில் நின்றான்.

கறுப்புக் குதிரை ஒன்றின் தாய் திரும்பிப் பார்த்தாள். "என்ன செவ்வந்தி, உம் பொண்ணு வரலையா? அவதான் ஜெயிப்பான்னு எங்க காடு வரைக்கும் பேச்சு!"

"அவளுக்கு இது வேண்டியதில்ல. எனக்குத்தான் வேண்டியிருந்துச்சு" என்றாள் செவ்வந்தி. அப்படிச் சொல்லிவிட்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மதகடியில் கிழட்டு யானை துதிக்கையை உயர்த்திப் பிளிறியது. பதினைந்து குதிரைகள் ஒன்றாகப் பாய்ந்தன. புழுதி மேகமாக எழுந்து முன்னால் ஓடியவர்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை விழுங்கியது. கூட்டம் கூச்சல் போட்டது.

செவ்வந்திக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒன்பது வருடம் அணைகட்டி வைத்தது அதற்குமேல் நிற்கவில்லை. அவள் திரும்பினாள். ஏரிக்கரையின் மேல் ஆளில்லாத வண்டிப்பாதை நீண்டு கிடந்தது.

அவள் ஓடினாள்.

கீழே பதினைந்து குதிரைகள் ஓடின. மேலே கரையில் ஒரு கிழக்குதிரை ஓடியது. கரையிலும் புழுதி இருந்தது. அது அவள் மூக்கில் ஏறியது, பல்லில் நெறுநெறுத்தது. முழங்கால் வலித்தது, மூச்சு வாங்கியது. ஆனாலும் ஓடினாள். எல்லார் கண்ணும் ஏரிக்குள் இருந்ததால் அவளை யாரும் பார்க்கவில்லை. அவள் பாதிக்கரையைத் தாண்டுவதற்குள் கீழே ஓட்டமே முடிந்துவிட்டது. ஜெயித்த கறுப்புக் குதிரையைச் சுற்றிக் கூட்டம் ஆரவாரித்தது. செவ்வந்தி நிற்கவில்லை. கரை முழுவதையும் சுற்றி, மறுபடி மதகுக்கு வந்து சேர்ந்தபோது கூட்டம் பாதி கலைந்திருந்தது.

சாம்பலன் மட்டும் அதே இடத்தில் நின்றான்.

"எத்தனாவதா வந்தேன்டா?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"கடைசி, அக்கா."

செவ்வந்தி சிரித்தாள். உடம்பெல்லாம் மண், வாயெல்லாம் மண். அவளுக்கு அது பிடித்திருந்தது.

"இப்பவாவது அந்த ஏக்கம் தீர்ந்துச்சா?"

அவள் ஏரியைப் பார்த்தாள். குளம்புத் தடங்கள் நிறைந்த தரைமேல் புழுதி மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. அதில் அவள் தடம் இல்லை. இனி எந்தப் பங்குனியிலும் இருக்கப்போவதில்லை.

"தீரலடா" என்றாள். "இது தீராது. ஆனா என்னோடதுதானே, நானே வெச்சுக்கிறேன்."

சொல்லிவிட்டு மண்ணை உதறாமலே மகள் இருக்கும் புல்வெளியை நோக்கி நடந்தாள்.

பெற்றவர்களே, நிறைவேறாத உங்கள் ஆசை எவ்வளவு பெரியதானாலும் அதை நீங்களே சுமந்துகொள்ளுங்கள், பிள்ளையின் முதுகில் சேணமாகக் கட்டிவிடாதீர்கள்!